இருபது வருஷ வரி ரசீது இருக்கிறது, வீடு யாருடையது?

ஆடி முடியட்டும் என்று காத்திருந்தவர்கள் எல்லாரும் ஆவணியில் பத்திரம் எழுதக் கிளம்பிவிட்டார்கள் போலிருக்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, நகராட்சி வரி ரசீதைப் பற்றியதுதான். காவிரிக் கரை நகராட்சி ஒன்றில் பில் கலெக்டராகத் தெருத்தெருவாக நடந்து ஓய்வுபெற்றவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கோர்ட்டுக்குப் போகிற அளவுக்குச் சிக்கல் உள்ளவர்கள் வக்கீலைப் பாருங்கள், என்னை மட்டும் நம்பி நிற்க வேண்டாம்.

கும்பகோணத்தில் கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு வருகிறது. திண்ணை, முற்றம், கொல்லை எல்லாம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிற விலையில் பாதிதான் சொல்கிறார்கள். விற்பவர் தன் பெயரில் இருபது வருஷத்து வரி ரசீதுகளை வைத்திருக்கிறார். பட்டா கேட்டால், "டவுனுக்குள்ள யார் சார் பட்டா வச்சிருக்கா, ரசீதுதான் எல்லாம்" என்கிறார் தரகர். நம்பலாமா?
– வாசகர், கும்பகோணம்

நம்ப வேண்டாம். ரசீது போலி என்று சொல்லவில்லை, அது அசலாகத்தான் இருக்கும், இருபது வருஷமும் அவர்தான் கட்டியிருப்பார். ஆனால் நாங்கள் வரி போடுகிறபோது தாய்ப்பத்திரம் வரைக்கும் போய் மூலம் தேடிக்கொண்டு உட்கார்வதில்லை. கட்டடம் நிற்கிறதா, எத்தனை சதுர அடி, குடியிருப்பா கடையா, யார் கையில் கேட்பு நோட்டீஸ் கொடுத்தால் பணம் வரும், இவ்வளவுதான் எங்கள் கணக்கு. வாய்க்கால் கரைப் புறம்போக்கில் நின்ற வீடுகளில் நானே வரி வசூலித்திருக்கிறேன். அதே வீட்டுக்கு ஆக்கிரமிப்பு என்று தாலுகா ஆபீஸிலிருந்து பி மெமோவும் வரும். இரண்டு அரசாங்கக் காகிதமும் ஒரே கம்பியில் குத்தி, ஒரே ஆணியில் தொங்கும்.

பாதி விலை என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் இடிக்கிறது. கும்பகோணத்தில், கோயிலை ஒட்டிய தெருவில், மலிவாக ஒரு வீடு வந்தால் முதலில் கேட்க வேண்டியது அடிமனை யாருடையது என்பதைத்தான். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், ஸ்ரீரங்கம் என்று நம் பக்கத்துக் கோயில் ஊர்கள் எல்லாவற்றிலும் இந்தக் கதை உண்டு. மண் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம், மேலே இருக்கிற சுவரும் ஓடும் குடியிருப்பவருக்குச் சொந்தம். தாத்தா காலத்திலிருந்து அடிமனை வாடகை என்று ஏதோ ஒரு சிறு தொகை கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள், நடுவில் அதையும் விட்டிருப்பார்கள். வீட்டு வரி மட்டும் குடியிருப்பவர் பெயரிலேயே ஓடும். வரி ரசீதை மட்டும் பார்க்கிறவருக்கு இது எதுவும் தெரியாது.

தரகர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. டவுனுக்குள் கிராமத்துப் பட்டா மாதிரி இருக்காது, அதற்குப் பதில் நகர நில அளவைப் பதிவேடு இருக்கும், டிஎஸ்எல்ஆர் என்று கேட்டால் எல்லாருக்கும் புரியும். மாவட்டம், வட்டம், நகரம், வார்டு, பிளாக், நகர சர்வே எண் இவற்றைக் கொடுத்தால் வருவாய்த் துறை இணையதளத்திலேயே அதன் நகல் கிடைக்கும். அதில் உரிமையாளர் பகுதியில் தேவஸ்தானம் என்றோ, ஆதீனம் என்றோ, கட்டளை என்றோ இருந்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். 1959-ஆம் வருஷத்து இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி, கோயில் நிலத்தை ஆணையர் அனுமதி இல்லாமல் விற்றாலோ, அடமானம் வைத்தாலோ, ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விட்டாலோ செல்லாது. அதனால்தான் இப்படிப்பட்ட வீடுகளுக்கு எழுதுகிற பத்திரத்தில் "மேற்கட்டுமானம் மட்டும்" என்று ஒரு வரி வரும். சொத்து விவரத்தில், நாலு எல்லைக்கு நடுவில், படிக்காமல் தாண்டிப் போகிற இடத்தில் அது ஒளிந்திருக்கும்.

அப்படி ஒரு பத்திரத்தோடு பெயர் மாற்றத்துக்கு என் மேஜைக்கு வந்தார் ஒருவர். பெண்ணுக்கு என்று சேர்த்த பணத்தைப் போட்டு வாங்கியிருந்தார். அந்த வரியை விரல் வைத்துக் காட்டினேன். "அப்ப நான் எதைத்தான் வாங்கியிருக்கேன்?" என்று கேட்டார். சுவரையும் ஓட்டையும் என்று சொல்ல வாய் வரவில்லை. வரியில் அவர் பெயரை மாற்றிக் கொடுத்தோம், அதில் எங்களுக்குத் தடை ஒன்றும் இல்லை. பாருங்கள், அவருக்கும் இப்போது அவர் பெயரிலேயே ரசீது இருக்கிறது, அடுத்து வாங்க வருகிறவரிடம் காட்டலாம்.

ரசீதில் இருக்கிற எண்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. வீடு பார்க்கப் போகும்போது அதில் என்னென்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, மன்னார்குடி

முதலில் வரி விதிப்பு எண். வீட்டுக் கதவு எண்ணை விட இதுதான் முக்கியம். கதவு எண் மாறும், வார்டு மாறும், தெருப் பெயர் மாறும், ஊர்ப் பெயரே மாறியிருக்கிறதே. 1982 வரைக்கும் மயிலாடுதுறை ஆவணங்களில் மாயூரம் என்றுதான் இருக்கும், இன்னும் பழைய காகிதத்தில் மாயவரம். பத்திரத்தில் பழைய கதவு எண், ரசீதில் புது எண், வாசல் பலகையில் மூன்றாவதாக ஒரு எண் என்று இருப்பது சாதாரணம். இது மூன்றும் ஒரே வீடுதான் என்று நிரூபிக்கிற பொறுப்பை விற்பவரிடம் விடுங்கள், பழைய எண்ணும் புது எண்ணும் சேர்ந்து இருக்கிற ரசீது ஒன்றாவது அவரிடம் இருக்க வேண்டும். ஒரே வீட்டுக்கு இரண்டு வரி விதிப்பு எண் இருந்தால் பாகம் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். மாடி தம்பி பெயரில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும், உங்களிடம் கீழ்வீட்டு ரசீதை மட்டும் காட்டுவார்கள்.

அடுத்தது பரப்பளவு. இதற்கு எனக்குத் தெரிந்த ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரி உயர்ந்தது ஞாபகம் இருக்கும். சென்னை நீங்கலாக மற்ற ஊர்களில், குடியிருப்புக் கட்டடத்துக்கு 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்த்தினார்கள். ஆகவே 2021–22 ரசீதையும் 2022–23 ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரையாண்டு வரி 800 ரூபாய் இருந்து 1,000 ஆகியிருந்தால் நகராட்சிக் கணக்கில் அந்த வீடு 600 சதுர அடிக்குள். 1,200 ஆகியிருந்தால் 600-லிருந்து 1,200-க்குள். இப்போது வீட்டை நிமிர்ந்து பாருங்கள். கீழே இரண்டு கட்டு, மேலே மூன்று ரூம், வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை, ஆனால் வரியோ 25 சதவீதம்தான் ஏறியிருக்கிறது என்றால், மாடியும் கடையும் நகராட்சிக் கணக்குக்கு வரவே இல்லை. நீங்கள் வாங்கிப் பெயர் மாற்றப் போகும்போது அளக்க வருவார்கள், அப்போது உயர்கிற வரி உங்கள் தலையில். மாடிக்குக் கட்டட அனுமதி வாங்கினார்களா என்ற கேள்வியும் அன்றைக்குத்தான் வரும். அதனால் இன்ச் டேப் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அப்புறம் குடியிருப்பா வணிகமா என்ற வகைப்பாடு, எந்த அரையாண்டு வரைக்கும் கட்டியிருக்கிறது என்பது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முதல் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இரண்டாவது. ரசீதில் நூலக வரி என்று ஒரு சிறு தொகை இருக்கும், அதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம், சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலகத்துக்குப் போகிறது. 1948-ஆம் வருஷத்து நூலகச் சட்டத்திலிருந்து வருவது. அந்தச் சட்டத்துக்காக வருஷக்கணக்காகப் பாடுபட்ட எஸ். ஆர். ரங்கநாதன் நம்ம சீர்காழிக்காரர். வரியைத் திட்டிக்கொண்டே கட்டுகிறவர்களிடம் நான் இதை மட்டும் சொல்வேன், கொஞ்சம் கோபம் தணியும்.

முழு விவரமும் வேண்டுமென்றால் வரி விதிப்புப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று விற்பவரையே நகராட்சியில் விண்ணப்பித்து வாங்கிவரச் சொல்லுங்கள். சொந்த வீட்டு விவரத்தை வாங்கிவரத் தயங்குகிறார் என்றால் அந்தத் தயக்கமே ஒரு தகவல்.

மயிலாடுதுறையில் போன வருஷம் வீடு வாங்கினோம். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. இப்போது பழைய ஓனர் கட்டாத ஒன்பது அரையாண்டு வரியைக் கட்டச் சொல்லி எங்களுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. அவர் பாக்கிக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?
– வாசகர், மயிலாடுதுறை

கோபம் நியாயம்தான், ஆனால் கட்டித்தான் ஆக வேண்டியிருக்கும். சொத்து வரி பாக்கி ஆளைத் தொடர்வதை விடச் சொத்தைத் தொடரும். நில வரிக்கு அடுத்தபடியாக அந்தச் சொத்தின் மீது முதல் பொறுப்பு நகராட்சி வரிக்குத்தான் என்பது பழைய நகராட்சிச் சட்டக் காலத்திலிருந்து இருக்கிற ஏற்பாடு. வீட்டை யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள் வாசலில்தான் நோட்டீஸ் ஒட்டுவார்கள்.

வில்லங்கச் சான்றில் இது வரவே வராது. அதில் வருவதெல்லாம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான சங்கதிகள், கிரயம், அடமானம், தானம் மாதிரி. நகராட்சியின் நிலுவைப் பட்டியலுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. வீடு வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிற இடம் இதுதான், "ஈசி பார்த்தாச்சு" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

ஆனால் கட்டிய பணத்தைப் பழைய ஓனரிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, கிரயத் தேதி வரைக்கும் சேர்ந்த பொது வரிகளை விற்பவர்தான் தீர்க்க வேண்டும் என்கிறது, அதற்கு அப்புறம் வருவது வாங்கியவர் பொறுப்பு. உங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், "நாளது தேதி வரை உள்ள வரி வகையறாக்களை நானே செலுத்திவிட்டேன், பாக்கி ஏதும் இருந்தால் என் சொந்தப் பொறுப்பில் தீர்த்துத் தருகிறேன்" என்கிற மாதிரி ஒரு வாசகம் எழுதியிருப்பார்கள். எந்த அரையாண்டுக்கு எவ்வளவு என்று நகராட்சியில் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பணத்தைக் கட்டி, ரசீது நகலோடு அவருக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ஆள் உள்ளூரில் இருந்தால் பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: வரி விதிப்பு எண் கையில் இருந்தால் நகராட்சி நிர்வாகத் துறையின் இணையதளத்தில் பாக்கி எவ்வளவு என்று ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். சொத்து வரியோடு நிறுத்தாதீர்கள். குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், காலிமனை வரி ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனிப் பாக்கி. கடைசி ரசீது காட்டினார்களே என்பீர்கள். கடைசியாகக் கட்டிய ரசீது வேறு, நடப்பு அரையாண்டு ரசீது வேறு, தேதியைப் படியுங்கள்.

அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். திருவாரூர் வீட்டு வரியை அண்ணன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார், இப்போது விற்கப் பார்க்கிறார். "வரி என் பெயர்ல இருக்கு, உனக்குப் பங்கு இல்ல" என்கிறார். எனக்குக் கல்யாணம் ஆகி முப்பது வருஷம் ஆகிறது. அவர் சொல்வது சரியா?
– வாசகி, பெயர் வேண்டாம்

இல்லம்மா. வரியில் பெயர் மாற்றினால் யார் கட்டுவது என்பதுதான் மாறும், சொத்து கை மாறாது. பதிவேட்டில் பெயர் மாறுவதால் உரிமை பிறப்பதும் இல்லை, போவதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சவர்ணி வழக்கில் சொன்னது, அதற்கு அப்புறமும் பல தடவை சொல்லியிருக்கிறது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த வீடாக இருந்து உயில் இல்லை என்றால், 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள் எல்லாருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தாக இருந்தாலும் 2005 திருத்தத்துக்கு அப்புறம் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை. கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆனது என்பதெல்லாம் கணக்கில் வராது.

நீங்களாக விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்து கொடுத்திருந்தால்தான் பங்கு போகும். "பேர் மாத்த ஒரு கையெழுத்து போடு" என்று எப்போதாவது வாங்கினார்களா, எந்தக் காகிதத்தில் என்று நன்றாக யோசித்துப் பாருங்கள். வரிப் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்த சம்மதக் கடிதம் விடுதலைப் பத்திரம் ஆகாது. நகராட்சி வரிப் பிரிவுக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். விற்பனை நெருங்குகிறது என்றால் தாமதிக்காமல் வக்கீலைப் பார்த்துப் பாகப்பிரிவினை வழக்கு போடுவது நல்லது, வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குகிறவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும்.

இந்த வீட்டை வாங்க நினைக்கிற யாராவது இதைப் படித்தால்: ஒரே ஒரு பிள்ளை பெயரில் வரி, தாய்ப்பத்திரம் அப்பா பெயரில், நடுவில் ஒரு காகிதமும் இல்லை என்றால் வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அதில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை கையெழுத்தும் பத்திரத்தில் வர வேண்டும்.

தஞ்சாவூர் ஓரத்தில் ஒரு மனை. முன்பு நஞ்சை, இப்போது கல் நட்டிருக்கிறார்கள். காலிமனை வரி ரசீது கொடுக்கிறார்கள். அங்கீகாரம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?
– வாசகர், தஞ்சாவூர்

இல்லை. காலிமனை வரி என்பது மனை காலியாகக் கிடப்பதற்கு வரி, அவ்வளவுதான். மனைப் பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறை, அதாவது டிடிசிபி, அங்கீகாரம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. டிடிசிபி எண் என்ன, அந்த வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஊராட்சித் தலைவர் ரப்பர் ஸ்டாம்ப் அடித்துக் கையெழுத்துப் போட்ட வரைபடத்தைக் காட்டினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, அந்த அதிகாரம் அவருக்குக் கிடையாது. அங்கீகாரம் இல்லாத பழைய மனை என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரிக்கப்பட்டவற்றுக்குத்தான் 2017-இல் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தார்கள், வரன்முறை ஆணை கைவசம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நம் பக்கத்துக்கு என்று கூடுதலாக ஒன்று. நஞ்சையாக இருந்த இடம் என்றால் பாய்ச்சல் வாய்க்காலும் வடிகாலும் எங்கே போனது என்று பக்கத்து வயல்காரரைக் கேளுங்கள். புல வரைபடத்தில் வாய்க்கால் இருக்கும், தரையில் தார் ரோடு இருக்கும். ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை பெய்கிறபோது போய்ப் பாருங்கள், தண்ணீர் தானே பழைய வழியைக் காட்டிக் கொடுத்துவிடும்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். தாராசுரத்தில் வாங்கிய வீட்டுக்குப் பட்டா மாறிவிட்டதாகச் செய்தி வந்தது. வரியும் தானாக மாறிவிடுமா? மச்சான்தான் அங்கே பார்த்துக்கொள்கிறார்.
– வாசகர், சிங்கப்பூர்

அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். பட்டா வருவாய்த் துறை, வரி உள்ளாட்சி, மின் இணைப்பு மின்வாரியம், ஒவ்வொன்றும் தனித்தனி வாசல். வரி இன்னும் பழைய பெயரில் இருந்தால் மச்சானிடம் கிரயப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, கடைசி வரி ரசீது கொடுத்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பத்திரம் பதிந்து மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 1920-ஆம் வருஷத்து நகராட்சிகள் சட்டத்திலேயே இருந்தது, அதனால் அடுத்த லீவில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். தாராசுரம் முன்பு தனிப் பேரூராட்சி, 2021-இல் கும்பகோணம் மாநகராட்சி ஆனபோது அதோடு சேர்ந்தது. பழைய ஓனர் கொடுத்த பேரூராட்சி ரசீதில் இருக்கிற எண்ணும் இப்போதைய மாநகராட்சி எண்ணும் ஒன்றுதானா என்று மச்சான் நேரில் ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பெயர் மாறிவிட்டால் அப்புறம் பணத்தை நீங்கள் அங்கிருந்தே ஆன்லைனில் கட்டலாம். அக்டோபர் 31-க்குள் கட்டினால் இரண்டாம் அரையாண்டு வரியில் 5 சதவீதம் தள்ளுபடியும் உண்டு.